அந்தப் பெயர் யாருக்காக மறைக்கப்படுகிறது?

“பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைப் பாதுகாக்கும் பொருட்டு ஆடவரின் பெயர் வெளியிடப்படவில்லை.”

சிங்கப்பூரில் நீதிமன்றச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். பெற்ற மகளை ஆண்டுக்கணக்கில் சீரழித்த தகப்பனுக்கு இருபது ஆண்டுக்கு மேல் சிறை, 24 பிரம்படி என்று தீர்ப்பாகியிருக்கும். அந்தச் செய்தியில் இந்த வரி வரும். அதே நாளில், அடுத்த பத்தியிலேயே, எம்ஆர்டி ரயிலில் ஒரு பெண்ணைத் தகாத முறையில் தொட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் முழுப் பெயர், வயது எல்லாம் இருக்கும். அவருடைய வழக்கு விசாரணைக்கே இன்னும் வந்திருக்காது.

இதைப் படிக்கும்போது கோபம் வருவது இயல்புதான். குற்றம் நிரூபிக்கப்பட்டவன் முகம் தெரியாமல் போகிறான். நிரூபிக்கப்படாதவர் ஊரறிய நிற்கிறார். கல்யாண மண்டபத்திலும் கோயில் அன்னதான வரிசையிலும் இந்தப் பேச்சு இரண்டு திசைகளில் போவதைக் கேட்டிருக்கிறேன். “அந்தத் தகப்பன் பெயரைப் போட்டால் என்ன?” என்று ஒரு பக்கம். “தீர்ப்பு வருவதற்கு முன்னால் யாருடைய பெயரையும் போடக் கூடாது, பெண்ணின் பெயரை மறைப்பதுபோல ஆணின் பெயரையும் மறைப்பதுதான் நியாயம்” என்று இன்னொரு பக்கம். பல நேரம் இரண்டையும் சொல்பவர் ஒரே ஆள்.

தமிழ்ச் செய்தித் துறையில் பல ஆண்டுகள் இருந்தேன். நீதிமன்றச் செய்திகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. ஒரு பெயரைப் போடலாமா கூடாதா என்பதை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் மேசை அது. அந்த மேசையிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இரண்டு கோரிக்கைகளையும் நான் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் வலி உண்மையானது. அதற்கு நாம் இன்னும் மருந்து தேடவே தொடங்கவில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2018இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டம், பாலியல் குற்றத்துக்கோ சிறார் வதைக்கோ ஆளானதாகச் சொல்லப்படுபவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்தது. அதற்கு முன் வழக்குக்கு வழக்கு நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இப்போது புகார் கொடுக்கும் கட்டத்திலேயே பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. அவர் சாட்சி சொல்லும்போது பொதுமக்கள் வெளியேற்றப்படுகிறார்கள். பெயரைச் சொல்லக் கூடாது என்பதோடு இது நிற்பதில்லை. அவர் யார் என்று ஊகிக்க வைக்கும் எந்த விவரத்தையும் சொல்லக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் தகப்பனின் பெயரை மறைக்கிறது. தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோரின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் நிற்கிறது. சீனக் குடும்பத்தில் ஒரு குலப்பெயரைப் பல்லாயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் பெண் பிள்ளைகளோ பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து மருந்தக அட்டைவரை தகப்பன் பெயரைச் சுமக்கிறார்கள். அந்த ஆளின் பெயர் அச்சில் வந்தால், மகளின் பெயரில் பாதி அச்சில் வந்துவிட்டது. வயதும் வட்டாரமும் சேர்ந்தால் மீதிப் பாதியை அக்கம்பக்கத்தார் நிரப்பிக்கொள்வார்கள். ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு புளோக்கில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்துவிடும்?

ஆகவே, பெயர் மறைக்கப்பட்ட தகப்பனுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. மகளைக் காப்பாற்றப் போட்ட திரை அவன்மேலும் விழுகிறது. அவ்வளவே. மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் இத்தகையவர்களை மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். சிறுவர்களை மானபங்கம் செய்யும் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று 2017இல் உயர் நீதிமன்றம் வகுத்த அளவுகோல் ‘ஜிபிஆர்’ வழக்கு என்றே அறியப்படுகிறது. வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நீதிபதிகள் அதை வைத்துத் தண்டனையை அளக்கிறார்கள். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தன் கதையைத் தான் விரும்பியவரிடம் மட்டும் சொல்ல முடிய வேண்டும். அந்த ஆளின் பெயரை அறிவதில் நமக்குக் கிடைக்கும் திருப்தியைவிட இது பெரிது.

இந்தத் திரை அவனுக்காக இல்லை என்பதை 2021இல் உயர் நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது. பெண்களை மறைவாகப் படம்பிடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் இளைஞர், தன் பெயர்மீதான தடை தொடர வேண்டும் என்று கேட்டார். பாதிக்கப்பட்ட பெண்களில் பலர் அவர் பெயர் வெளிவர வேண்டும் என்று விரும்பினார்கள். தடையுத்தரவின் நோக்கம் பாதிக்கப்பட்டவரைக் காப்பது, குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காப்பதல்ல என்று கூறி நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் முக்கியமானது. ஒரு திரை இருந்தால் அதை விலக்கச் சொல்லும் குரலில் முதல் உரிமை அந்தப் பெண்களுக்கு.

இனி இரண்டாவது கோரிக்கை. தீர்ப்பு வரும்வரை ஆணின் பெயரையும் மறைக்கலாமே?

2021 ஆகஸ்டில் இந்தக் கேள்வி சிங்கப்பூரில் உரக்கக் கேட்கப்பட்டது. மானபங்கக் குற்றச்சாட்டுகளை எதிர்நோக்கிய ஒரு மருத்துவர்மீதான வழக்கை, புகார் கொடுத்தவர் குறுக்கு விசாரணை செய்யப்பட்ட பிறகு, அரசுத் தரப்பு மீட்டுக்கொண்டது. மருத்துவர் விடுதலையானார். அவர் பெயரும் படமும் அதற்கு வெகு நாள் முன்பே வெளிவந்திருந்தன. புகார் கொடுத்தவரின் பெயர் மறைவில் இருந்தது. மருத்துவரின் வழக்கறிஞர்கள் அந்த மறைப்பை நீக்கும்படி கேட்டார்கள். அந்த மருத்துவரின் பெயரைத் தேடினால் எளிதில் கிடைக்கும்; ஆனாலும் நான் இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயர் குற்றச்சாட்டோடு சேர்த்து எழுதப்பட்டது போதும்.

அப்போது பலர் கேட்டது இதுதான்: இவருக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடையாக முன்வைக்கப்படும் பெயர் மறைப்பு ஏற்கெனவே ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. இங்கிலாந்தில் 1975இல் ஹெயில்பிரான் அம்மையார் தலைமையிலான குழு, வன்புணர்ச்சி வழக்குகளில் புகார் கொடுக்கும் பெண்ணின் பெயரை மறைக்கப் பரிந்துரைத்தது. ஆணின் பெயரை மறைக்க அக்குழு பரிந்துரைக்கவில்லை. ஆனால் 1976இல் சட்டமாக்கும்போது, இருபாலருக்கும் சமநீதி என்ற பெயரில் நாடாளுமன்றம் ஆணையும் சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1988இல், அதை அவர்களே நீக்கிவிட்டார்கள். 2010இல் புதிதாக வந்த கூட்டணி அரசு மறுபடியும் கொண்டுவர எண்ணியது; எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. பக்கத்து நாடான அயர்லாந்தில் வன்புணர்ச்சி வழக்குகளில் தீர்ப்பு வரும்வரை பெயர் மறைக்கும் ஏற்பாடு 1981 முதல் இருந்துவருகிறது. ஆக, இரு தரப்பிலும் சிந்திக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஏன் எதிர்க்கிறேன் என்றால், பெண்ணின் பெயரும் ஆணின் பெயரும் வெவ்வேறு காரணங்களால் பொதுவெளிக்கு வருகின்றன. ஒருவர்மீது குற்றஞ்சாட்டுவது அரசு செய்யும் காரியம். அரசு ஒரு மனிதரைக் கூண்டில் ஏற்றினால் அவர் யார், எதற்காக ஏற்றுகிறது என்பது தெரிந்தாக வேண்டும். இதை அவருடைய பாதுகாப்பாகவே நான் பார்க்கிறேன். பார்த்தி லியானியை நினைத்துப் பாருங்கள். முதலாளி வீட்டில் திருடியதாக அந்த இந்தோனேசியப் பணிப்பெண்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 2019இல் தண்டிக்கப்பட்டார். 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, அவர் பெயரும் வழக்கும் வெளிச்சத்தில் இருந்ததால்தான் காவல்துறையும் அரசுத் தரப்பும் எங்கே தவறின என்ற கேள்வி நாடாளுமன்றம்வரை போனது. பெயரற்ற ஒரு பணிப்பெண், பெயரற்ற ஒரு குடும்பம் என்று அந்த வழக்கு நடந்திருந்தால் அத்தனை பேர் அவருக்காகக் குரல் கொடுத்திருப்பார்களா? திருட்டு வழக்கில் பெயர் வரலாம், மோசடி வழக்கில் வரலாம், கொலை வழக்கில்கூட வரலாம், பாலியல் வழக்கில் மட்டும் வரக் கூடாது என்று சட்டம் எழுதினால் அதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். மற்ற புகார்களைவிட இந்தப் புகார்தான் பொய்யாக இருக்கும் என்று அரசே நம்புகிறது என்பது அந்தப் பொருள். ஏற்கெனவே ‘நம்ப மாட்டார்களோ’ என்று அஞ்சி வாய்மூடி இருக்கும் பெண்ணிடம் போய்ச் சேரும் செய்தி இது.

இன்னொன்று, இந்த ஊரில் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் பெயர் வெளிவந்தால், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிகளின் மனம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இடமுண்டு. இங்கே ஜூரி முறையை நாடாளுமன்றம் 1969இலேயே ஒழித்துவிட்டது. தீர்ப்பளிப்பவர் நீதிபதி. வேறு சாட்சியம் இல்லாமல் புகார் கொடுத்தவரின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்க வேண்டுமென்றால், அந்தச் சாட்சியம் வழக்கமான அளவைத் தாண்டி நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இங்கே நிலைபெற்ற விதி. குற்றமற்றவரைக் காக்கும் சுவர் நீதிமன்றத்துக்குள் உயரமாகவே இருக்கிறது.

பெயர் வெளிவருவதால் மற்றவர்கள் துணிவு பெறுகிறார்கள் என்பதும் உண்மை. லண்டனில் ஜான் வார்பாய்ஸ் என்ற டாக்சி ஓட்டுநர் 2008இல் பிடிபட்ட செய்தி பரவிய பிறகுதான், தனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். இங்கேயும் துணைப்பாட ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர், சமய வகுப்பு நடத்துபவர் என்று பல பிள்ளைகள் நம்பிப் போகும் இடங்களில் இருப்பவர்மேல் குற்றஞ்சாட்டப்பட்டால், அந்தப் பெயரைப் பார்க்கும் பெற்றோர் தம் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுச் செய்திகளையும் நாம் அன்றாடம் வாசிக்கிறோமே, அங்கே நடந்ததையும் இதில் சேர்த்துப் பார்க்கிறேன். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி மதுரைக் கிளை நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்து, அவருடைய விவரங்கள் கைப்பேசி கைப்பேசியாகப் பரவின. அதிலும் 25 லட்சம் இழப்பீடு. இந்த இரண்டு ஆவணங்களும் சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வந்தன, எனக்கே அனுப்பினார்கள். பெண்ணின் பெயரைச் சட்டம் போட்டு மறைத்தும் நம் சமூகம் அதைத் தேடி எடுக்கிறது. இந்த நிலையில், ‘ஆணுக்கும் அதே பாதுகாப்பு’ என்று பேசும்போது பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனத்தை விட்டுப் போகாத ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. நீதிமன்றச் செய்தி வந்தால் குடும்பத்தார் அலுவலகத்துக்கு அழைப்பது வழக்கம். பெரும்பாலும் அம்மாக்கள். பெயரை எடுத்துவிடுங்கள் என்பார்கள். முடியாது என்று பொறுமையாக விளக்குவோம். இந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. “தம்பி, அன்றைக்கு என் மகன் பெயரைப் போட்டீர்கள். அது உங்கள் வேலை, நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கு அவனை விட்டுவிட்டார்கள். இதையும் போடுவீர்களா? அவன் அப்பா பெயரும் சேர்ந்துதானே வந்தது, அவர் இப்போது உயிரோடு இல்லை.”

குற்றஞ்சாட்டப்பட்ட நாளில் நீதிமன்ற அறை எண் தெரியும், நேரம் தெரியும், நிருபர் போவார். வழக்கு முடிவது அப்படியல்ல. மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஒரு நாள் காலையில் அரசுத் தரப்பு எழுந்து குற்றச்சாட்டை மீட்டுக்கொள்கிறோம் என்று சொல்லும். சில நிமிடங்களில் எல்லாம் முடியும். அந்த நிமிடங்களில் செய்தியாளர் யாரும் அங்கே இல்லாமல் இருப்பது சாதாரணம். எந்தச் செய்தி நிறுவனத்திலும் ஆள் பற்றாக்குறைதான், தமிழில் அதிகம். ஆக, தொடக்கம் அச்சாகிறது, முடிவு அச்சாவதில்லை. பழைய காலத்தில் நாளிதழ் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும். இப்போது அந்தத் தொடக்கம் இணையத்தில் அப்படியே நிற்கிறது. வேலை கொடுப்பவர் தேடுகிறார், பெண் கொடுப்பவர் தேடுகிறார். எண்ணிக்கையில் சிறிய நம் சமூகத்தில், பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தட்டினால் வேறு ஆளோடு குழம்ப வழியே இல்லை. லாரியில் வேலைக்குப் போய் விடுதிக்குத் திரும்பும் ஊழியருக்கு இது இன்னும் கொடுமை. குற்றஞ்சாட்டப்பட்ட அன்று மாலையே செய்தியின் படம் புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ இருக்கும் அவர் கிராமத்துக்குப் போய்விடும். விடுதலைச் செய்தி என்று ஒன்று வந்தால்தானே அதை யாராவது அனுப்ப முடியும்?

காவல்துறை செய்ய வேண்டியதை ஓரளவு சரியாகவே செய்கிறது என்று நினைக்கிறேன். கைது அறிக்கையில் பொதுவாக வயதும் பாலினமும்தான் இருக்கும். பெயர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட பிறகுதான் வெளிவருகிறது. விசாரணைக் கட்டத்தில் பெயரைக் கசியவிடுவது பெரும்பாலும் நாம்தான். யாரோ எடுத்த காணொளி, யாரோ கண்டுபிடித்த வேலையிடம், யாரோ சேர்த்துவிட்ட மனைவியின் படம். தனிப்பட்ட விவரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதைத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2020 தொடக்கம் முதல் குற்றமாக்கியிருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வீட்டுக் கதவு எண்ணைப் பகிர்ந்தவர், தான் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்டதாக நினைத்திருக்கலாம். அந்தக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் இருக்கக்கூடும் என்று அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒருவரைப் பற்றிப் பொய்யான தகவல் இணையத்தில் இருந்தால், அதை நீக்கவோ திருத்தம் சேர்க்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். இதற்கென்றே 2021 முதல் தனி நீதிமன்றமும் இயங்குகிறது. ஆனால் விடுதலையானவருக்கு அது பயன்படாது. ‘இன்னார்மீது இந்தத் தேதியில் குற்றஞ்சாட்டப்பட்டது’ என்ற செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பிறகு நடந்தது மட்டும் அதில் இல்லை.

நான் கேட்பது இந்த இடத்தில் ஒரு வாசல். பெயர் வெளியிடப்பட்ட ஒருவர் விடுதலையானாலோ குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டாலோ, பழைய செய்தியின் தலைப்புக்குக் கீழே, முதல் வரியாக, முடிவும் தேதியும் சேர்க்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். செய்தியை அழிக்க வேண்டாம். நீதிமன்றத்தில் நடந்தது நடந்ததுதான். இதற்காக அவர் வழக்கறிஞரை அமர்த்திக் கட்டணம் கட்டி மனுப்போடும் நிலை கூடாது. குற்றஞ்சாட்டப்போவதைச் செய்தியாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க அதிகாரிகளால் முடிகிறது. வழக்கு முடிந்த அன்று மாலையும் அதே செய்தியாளர் பட்டியலுக்கு அதே வழியில் ஓர் அறிக்கை அனுப்ப முடியும். தமிழ்ச் செய்தி அறைகளில் ஆள் குறைவு என்றால் இதுபோன்ற அறிக்கையின் தேவை இன்னும் கூடுதல். அதில் விடுதலையானவரின் பெயர் இருக்க வேண்டுமா என்பதை அவரிடமே கேட்கட்டும். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் போதும் என்பார்கள். புகார் கொடுத்தவரைப் பற்றி அந்த அறிக்கையில் எதுவும் வரக் கூடாது. வழக்கு நிற்கவில்லை என்பதாலேயே அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க அரசுத் தரப்பால் முடியாமல் போனதும், புகார் கட்டுக்கதை என்பதும் வேறு வேறு. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவரைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அப்படி ஒருவர்மீது அரசு குற்றஞ்சாட்டினால், அது தனி வழக்காக அதற்குரிய நீதிமன்றத்தில் நடக்கட்டும்.